வாத்தியார் வீட்டு ஈசானிய மூலை

1

இந்த வாரம் என் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டேன். டிரைவிங் லைசென்ஸ் என்று நினைத்திருப்பீர்கள். அதுவும் இருக்கிறது, ஆனால் அதற்கு யாரும் என்னை வகுப்பில் உட்கார வைப்பதில்லை. இது வேறு. வீடுகளின் செப்டிக் டேங்கைச் சோதித்து, இது தேறியது, இது தேறவில்லை என்று கையெழுத்துப் போடுவதற்கு நான் குடியிருக்கும் அமெரிக்க மாநிலம் எனக்குக் கொடுத்திருக்கும் உரிமம். பெரம்பலூரில் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, அரியலூரில் வாழ்க்கைப்பட்டு, விமானம் ஏறி வந்து நான் அடைந்திருக்கும் உத்தியோகம் இதுதான்.

சில வருடங்களுக்கு ஒருமுறை வகுப்புக்குப் போய், புதிய விதிகளைக் கேட்டுக்கொண்டேன் என்று சான்று காட்டினால்தான் லைசென்ஸ் நீடிக்கும். வகுப்பு ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்தில். முழுக்க முழுக்கத் தொப்பி போட்ட ஆண்கள், பொட்டு வைத்த ஆள் நான் ஒருத்திதான். முன்னால் திரையில் உடைந்த தொட்டி, நிரம்பி வழிகிற தொட்டி, மரத்தின் வேர் புகுந்த தொட்டி என்று வரிசையாகப் படம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் டோனட் தின்கிறார்கள். நானும்தான். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது கக்கூஸ் என்று சொன்னாலே அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவள் சொன்ன சேதிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. அதைச் சொன்னால் உங்களுக்குப் புரிய வேண்டுமே, அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

2

நான் இங்கே வந்தது தொண்ணூற்றாறில். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. எனக்கு வேலை செய்ய அனுமதியில்லாத விசா. அனுமதி வந்தபோது என் டிப்ளமோ யாருக்கும் புரியவில்லை. அதை மதிப்பிட ஒரு அலுவலகம், அந்த மதிப்பீட்டை ஏற்க இன்னொரு அலுவலகம். இரண்டுமே பிறந்த மாவட்டத்தைக் கேட்டன. நான் பிறந்தபோது பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆன வருடம் தனி மாவட்டமானது. பிறகு மாமியார் ஊரான அரியலூரைப் பிரித்தார்கள், அடுத்த வருடமே திரும்பச் சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப்போவதாகப் பேச்சு. கவுன்ட்டரில் இருந்த அம்மாள், உங்கள் ஊர் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று கேட்டாள். ஊர் நின்ற இடத்தில்தான் நிற்கிறது, பலகைதான் மாறுகிறது என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சமயம் எதிர் வீட்டுக் கிழவர் தன் வீட்டை விற்கக் கிளம்பினார். இங்கே நகரத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் பாதாளச் சாக்கடை கிடையாது, அவரவர் வீட்டுக்கு அவரவர் தொட்டி. வீட்டை விற்பதென்றால் உரிமம் உள்ள ஆள் தொட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருத்தர் வந்தார். புல்தரையைத் தோண்டி மூடியைத் திறந்தார். நீண்ட குழாயை உள்ளே விட்டு, அடியில் எவ்வளவு கசடு, மேலே எவ்வளவு ஏடு என்று பார்த்தார். கிணற்றிலிருந்து தூரத்தை டேப் பிடித்து அளந்தார். நான் வாசலில் நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். டேப் பிடிப்பதும் மட்டம் பார்ப்பதும் நான் படித்த வேலை. அந்த வீடு தேறவில்லை, விற்பனை நின்றுபோனது. எனக்கு வழி திறந்தது.

பரீட்சைக்குப் படிக்கப் போன இடத்தில் முதல் நாளே மானம் போனது. ஆசிரியர் ஏதோ கேட்க, நான் எழுந்து, தொட்டிக்குள் வரும் மோஷன் என்று பதில் சொன்னேன். எல்லோரும் முழித்தார்கள். ஏதோ ஆடுகிறது, அசைகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நம் ஊர் டாக்டர்கள் அத்தனை பேரும் கேட்கிற மோஷன் இங்கே ஒருவருக்கும் தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் பக்கத்தில் இருந்தவர் நல்ல கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அதைத்தான் இன்று வரை பயன்படுத்துகிறேன்.

பரீட்சையில் வந்த ஒரு கேள்வி மட்டும் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தொட்டியில் தண்ணீர் மட்டம் வெளியேறும் குழாய்க்குக் கீழேயே நின்றால் என்ன அர்த்தம்? எங்கள் ஊரில் அது பெருமை. எங்க வூட்டு டேங்க் கட்டுன நாள்லேந்து ரொம்பினதே இல்ல என்று மார்தட்டுவார்கள். அதற்கென்றே தொட்டியின் அடியில் சிமென்ட் பூசாமல் விடுவார்கள். சரியான விடை, தொட்டி ஒழுகுகிறது என்பது. நிரம்பாத தொட்டி தேறாத தொட்டி. கேள்வித்தாளில் விடையைக் குறித்துவிட்டு, பெரம்பலூரில் எத்தனை வீடு இப்படி என்று யோசித்தபடி வெகுநேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

3

லைசென்ஸ் வந்ததும் அம்மாவிடம் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காலிங் கார்டில் நிமிடம் தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஏண்டி, ஒன்னைய இதுக்கா படிக்க வெச்சேன்?" என்றாள் கடைசியில்.

"அம்மா, இது கவர்மென்ட் லைசென்ஸ். பரீட்சை எழுதி வாங்கினது."

"எதுவா இருந்தா என்ன. மோந்து பாக்குற வேலைதானே. யார்கிட்டயும் வாயத் தொறந்துடாத."

பிறகு மெதுவாக விசாரித்தாள். போகிற வீட்டில் தொட்டி சரியில்லை என்றால் என்ன செய்வாய்? பெயில் என்று எழுதுவேன் என்றேன். அது அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒருத்தங்க வூட்டுக்குப் போயி, அவங்க குடுத்த காபியக் குடிச்சுட்டு, எப்பிடிடி பெயிலுன்னு சொல்லுவ?"

"காபி வாங்கிக்கவே மாட்டேம்மா. பெயில் போடவேண்டி வந்தாலும் வருமே."

"காபி கூட வாங்காத உத்தியோகம் என்ன உத்தியோகமோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அம்மா ஊரில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் என்று சொல்லி வைத்தாள். அரியலூரில் மாமியார் அதில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு இன்ஸ்பெக்டர் என்றார். கல்லங்குறிச்சியிலிருந்து மாமனாரின் பங்காளி ஒருவர் எனக்குப் போன் போட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய அவர் லாரியைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், நான் அமெரிக்காவிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம். என் துறை வேறுங்க என்று சொல்லித் தப்பித்தேன். என் வீட்டுக்காரர் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தார்.

இதில் சிரிக்க முடியாத பங்கு ஒன்று உண்டு. அம்மாவின் கூச்சம் நாற்றத்தைப் பற்றியது அல்ல, சாதியைப் பற்றியது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் தெருவில் தொட்டி எடுக்க ஒருவர் வருவார். உள்ளே இறங்குவார், வாளியால் அள்ளுவார். அவர் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் கொல்லைப்பக்கம் ஒரு துண்டு சோப்பும், தனியாகக் கவிழ்த்து வைத்த டம்ளரில் டீயும் கொடுப்பார்கள். இங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி, தொட்டிக்குள் தலையைக் கூட நீட்டாதே என்பது. உள்ளே இருக்கும் காற்று ஆளைச் சாய்த்துவிடும். அந்த விதியைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. அதே தொட்டிதான். எனக்குக் கையுறையும் லைசென்ஸும், அவருக்குப் பெயர் கூடக் கிடையாது.

என் மகள் நிலாவுக்கு இந்தக் கூச்சம் எதுவும் இல்லை. இங்கே பிறந்தவள். அம்மா அப்பா வேலையைப் பற்றிப் பேசச் சொன்ன நாளில், என் அம்மா ஊரில் உள்ள கக்கூஸுக்கெல்லாம் மார்க் போடுகிறாள் என்று வகுப்பில் சொல்லிக் கைதட்டு வாங்கி வந்தாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ எந்த ஊர் என்று கேட்டால் இந்த ஊர்ப் பெயரைச் சொல்வாள். பெரம்பலூர் அவளுக்கு அம்மாயி வீடு, அவ்வளவுதான். பாட்டியை அம்மாயி என்று கூப்பிடும்போது மட்டும் சுத்தமான எங்கள் ஊர்க்காரி.

4

இரண்டு வருடத்துக்கு முன்பு என் தங்கை கலாவின் பையனுக்குக் காதுகுத்து. நிலாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். திருச்சியில் இறங்கி பஸ். பாடாலூரில் டீக்கு நிறுத்தினார்கள். பஸ்ஸில் கக்கூஸ் கிடையாதா என்று நிலா கேட்க, கண்டக்டர் சாலையோரத்தைக் காட்டினார். அவள் பெரம்பலூர் வரை அடக்கிக்கொண்டு வந்தாள்.

கலாவும் அவள் வீட்டுக்காரர் சேகரும் ஊருக்கு வெளியே புது நகர் ஒன்றில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். வடக்குப் பார்த்த மனைகள், ஒன்றை ஒன்று ஒட்டி ஒரே வரிசை. மேற்குப் பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வீடு. கிழக்குப் பக்கம் லாரி வைத்திருப்பவர் வீடு. லாரிக்காரர் சம்சாரம் தங்கமான பொம்பளை. எங்கள் விருந்தாளிகளில் பாதிப்பேர் தன் வீட்டில் தங்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தொழில் புத்தி எங்கே போகும்? கண் தானாகக் கீழே தொட்டி மூடியைத் தேடியது. வாசல்பக்கம், வடமேற்கு மூலையில் இருந்தது. வாஸ்துப்படி அதுதான் இடம், வாயு மூலை. போர்வெல் எங்கே என்று பார்த்தேன். வடகிழக்கில், ஈசானிய மூலையில். அதுவும் வாஸ்துப்படி சரி. இரண்டுக்கும் நடுவே வீட்டின் முழு அகலம். பரவாயில்லையே, நம் ஆட்கள் தூரம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடியே பார்வையைத் தெருவோடு ஓட விட்டேன். கையில் இருந்த ஈரப் புடவை கீழே விழுந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஈசானியத்தில் போர், வாயு மூலையில் தொட்டி. ஒருவரும் தவறவில்லை. ஆனால் எங்கள் வீட்டின் வடமேற்கு மூலைக்கு அடுத்து என்ன இருக்கிறது? காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம்? வாத்தியார் வீட்டின் வடகிழக்கு மூலை. எங்கள் தொட்டியும் அவர் போரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தன. அதே மாதிரி கிழக்கே லாரிக்காரர் வீட்டுத் தொட்டி எங்கள் போருக்கு ஒட்டினாற்போல. தெருக்கோடி வரை இப்படியே. எல்லோரும் தன் அழுக்கைத் தன் தண்ணீரிலிருந்து தூரத் தள்ளி வைத்திருந்தார்கள், அடுத்த வீட்டுத் தண்ணீருக்குப் பக்கத்தில். அந்த மண்ணோ மேலே கொஞ்சம் கரிசல், அதற்குக் கீழே வெடிப்பு விழுந்த பாறை. வெடிப்பில் இறங்கும் தண்ணீர் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கீழே ஓடி வந்து சேகரிடம் கேட்டேன்.

"தம்பி, டேங்க்குக்கு அடியில பூசியிருக்கா?"

"இல்லக்கா. கொத்தனார் கெட்டிக்காரரு. பூமி குடிச்சுக்கும், இருபது வருஷத்துக்கு ரொம்பாதுன்னு சொல்லிட்டாரு" என்றார் சேகர், முகம் நிறைய பெருமையோடு.

5

அன்று மத்தியானம் கலாவிடமும் அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். கலாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் பையனுக்குப் பால் கலக்குவது அந்த போர் தண்ணீரில்தான். போதாததற்கு, போன மழைக்காலத்தில் வாத்தியாரின் பேத்திக்கு மஞ்சள்காமாலை வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தாளாம். அம்மாதான் கீழாநெல்லி பறித்துக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறாள்.

"வாத்தியார்கிட்ட சொல்லணும்மா" என்றேன்.

"சொல்லி?" என்றாள் அம்மா. "ஒங்க போருக்குப் பக்கத்துல எங்க பீத்தொட்டி இருக்குன்னு சொல்லுவியா? நல்லது நடக்கப் போற வூட்ல பேசுற பேச்சா இது?"

"பிள்ளைங்க குடிக்கிற தண்ணிம்மா."

"காய்ச்சிக் குடிக்கட்டும். நீ எப்பிடிக் கண்டுபிடிச்சேன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ? நான் அமெரிக்காவுல இதத்தான் பாக்குறேன்னு சொல்லுவியா? சம்பந்தி வூட்டு ஆளுங்க அம்புட்டு பேரும் வராங்க. என் தலைய எங்க வெச்சுக்குவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அம்மா மேல் மட்டும் அல்ல. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வீட்டில் நின்று, உங்கள் தொட்டி தேறவில்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவள் நான். பெற்ற தாய் வீட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பையனுக்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்கச் சொல்லிவிட்டு, விசேஷம் முடியட்டும் என்று இருந்தேன். அந்த நாட்களில் வாத்தியார் பேத்தி சுவரைத் தாண்டி வந்து நிலாவோடு பாண்டி விளையாடுவாள். விளையாடிக் களைத்துப் போய்த் தன் வீட்டுக் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிப்பாள். ஒவ்வொரு தடவையும் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன்.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. மாமியார் அரியலூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து, என்னை எல்லோருக்கும் இன்ஸ்பெக்டர் என்றே அறிமுகம் செய்தார். ஒருவர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். கும்பல் கலைந்த மறுநாள் காலையில் அம்மா காபி போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். மோந்து பார்த்தாள். டிக்காஷனைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து மறுபடி போட்டாள். அதே வாடை.

"ஏண்டி கலா, இந்தக் குண்டான்ல பினாயிலு எதாச்சும் ஊத்தி வெச்சியா?"

கலா குழாயைத் திறந்து கையில் பிடித்து முகர்ந்தாள். தண்ணீரே பினாயில் வாடை அடித்தது. லேசாகத்தான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. எங்கள் வீட்டில் பினாயில் பாட்டில் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் சம்சாரம் வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்கம்மா, உங்க ஆளுங்கல்லாம் சௌகரியமாத் தூங்கினாங்களா? ரெண்டு நாளாவே பினாயில் கேன் கேனா வாங்கி ஊத்தி ஊத்தி பாத்ரூமெல்லாம் கழுவி வெச்சிருந்தேன். உங்களுக்குக் கொறை வரக் கூடாதுல்ல."

அம்மா கையில் இருந்த காபியைப் பார்த்தாள். கிழக்குச் சுவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது என்ற சோதனையைச் செய்ய அமெரிக்காவில் நாங்கள் பச்சைச் சாயம் ஊற்றிப் பார்ப்போம். பெரம்பலூரில் லாரிக்காரர் சம்சாரம் அன்பினால் செய்து முடித்துவிட்டாள்.

6

சேகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கட்டின வீட்டை இடிக்க யாருக்கு மனசு வரும்?

"வாஸ்து பாத்து வெச்சதுக்கா. வாயு மூலைய விட்டு எடுத்தா வூட்டுக்கு ஆவாது. நம்ம மனையில எல்லாம் சரியாத்தான இருக்கு?"

நான் பாறை, வெடிப்பு, கிருமி என்று ஆரம்பித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்படியில் நின்றாள்.

"மாப்ள, ஒன்னு கேக்குறேன். நம்ம வாயு மூலை வாத்தியார் வூட்டுக்கு எந்த மூலை?"

சேகர் யோசித்தார். சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஈசானியம்."

"சாமி மூலைங்க அது. அதுல போயி நம்ம பீயக் கொட்டி வெச்சிருக்கம். ஒன்றரை வருஷமா. இதுல நம்ம வூட்டுக்கு எந்த நல்லது வரும்?"

நான் படித்த எந்த வகுப்பிலும் இந்த வாதம் இல்லை. சேகர் தலையைச் சொறிந்துகொண்டு, கொத்தனாருக்குச் சொல்லி அனுப்புறேன் அத்தை என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனாள். வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க பொண்ணு ஹெல்த் இன்ஸ்பெக்டர். தடுப்பூசி போடுறதப் பத்திச் சொல்லட்டும், கேட்டுக்கறேன். இது கொத்தனார் சமாச்சாரம்மா."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசிவிட்டாள்.

"அவ ஹெல்த் இன்ஸ்பெக்டர் இல்லீங்க சார். நான்தான் அப்பிடிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கக்கூஸ் தொட்டிய தொறந்து பாத்து, நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்றதுதான் அவ உத்தியோகம். அதுக்குன்னு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியிருக்கா. அவ பெயிலுன்னு சொன்னா அமெரிக்காக்காரன் வூட்டையே விக்க முடியாது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அம்மாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. உள்ளே இருந்து வாத்தியார் மருமகள் எட்டிப் பார்த்தாள். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது.

வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார்.

"பாப்பாவுக்குக் காமாலை வந்தது இதனாலதானா?" என்று கேட்டார்.

"நிச்சயமாச் சொல்ல முடியாது சார். எதுலேந்து வேணா வந்திருக்கலாம். தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுங்க. ஆனா எங்க தொட்டி அந்த எடத்துல இருக்கக் கூடாது. அது மட்டும் நிச்சயம்."

அவர் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எனக்கும் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. கீழாநெல்லி கொண்டாந்து குடுத்தவங்க. உங்ககிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு விட்டுட்டேன்."

அவர் மருமகள் காபி கொண்டு வந்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். குடி என்று கண்ணைக் காட்டினேன். பெயில் ஆனது எங்கள் வீடுதான், அவர்களுடையது அல்ல.

தண்ணீரைத் திருச்சிக்குக் கொடுத்து அனுப்பியதில், இரண்டு வீட்டு போரும் குடிக்க லாயக்கில்லை என்று வந்தது. இரண்டு வீட்டிலும் குடிக்கவும் சமைக்கவும் முனிசிபல் தண்ணீர் என்று வைத்துக்கொண்டார்கள். சேகர் வீட்டின் பின்பக்கம் புதுத் தொட்டி கட்டினார், அடியும் சுவரும் பூசி. பழைய தொட்டியை லாரி வைத்து உறிஞ்சினார்கள். அடியில் தங்கியதை அள்ளுகிறேன் என்று ஒருத்தர் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்றேன். யாரும் இறங்க வேண்டாம், அப்படியே சுண்ணாம்பும் மணலும் கொட்டி மூடுங்கள் என்றேன். ஏம்மா பயப்படுறீங்க, எங்களுக்குப் பழக்கம்தான் என்றார். பெயர் கேட்டேன், முத்துக்கண்ணு என்றார். அம்மா அவருக்கு எங்கள் டம்ளரில் காபி கொடுத்தாள். பெரிய புரட்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தாள், நான் பார்த்தேன்.

வாஸ்துக்காரர் வந்து, வாயு மூலையை விட்டுத் தள்ளிவிட்டதாகக் குறைபட்டார். வாயு கொஞ்சம் தள்ளித்தான் வீசட்டுமே என்றாள் அம்மா. என் மாநிலத்து விதிப்படி அந்தப் புதுத் தொட்டியும் தேறாது. அவ்வளவு சின்ன மனையில் எதுவுமே தேறாது. ஆனாலும் கிளம்புவதற்கு முன் மாடிக்குப் போய் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். மனசு நிம்மதியாக இருந்தது.

7

இப்போது அந்தப் போனுக்கு வருகிறேன். நான் ஹலோ சொல்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"லைசென்ஸ் குடுத்துட்டானா?"

"குடுத்துட்டாம்மா."

"நல்லது. இங்க தெருக்கோடியில ஒரு புது வூடு கட்டுறாங்க. வாத்தியாரும் நானும் போயிட்டு வந்தோம்."

"எதுக்கும்மா?"

"எதுக்கா? டேங்க் பாக்கத்தான். வாத்தியார் டேப் எடுத்துக்கிட்டு வந்தாரு. பக்கத்து வூட்டு போருலேந்து அளந்தோம். ஒட்டித் தோண்டி வெச்சிருக்கான். அடியில பூசுவியாடான்னா, பூசமாட்டேன், ரொம்பிரும்கறான்."

நிலா பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். அம்மாயி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டாள், என் வேலைதான் என்றேன்.

"அப்புறம் என்ன சொன்னம்மா?"

"பெயிலுன்னு சொல்லிட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. வெச்சுக்கட்டும், நாளைக்கு மறுபடி போவோம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. மெதுவாகக் கேட்டேன்.

"காபி குடுத்தாங்களாம்மா?"

"போன ஒடனேயே குடுத்தாங்க. நான் தொடலியே. மொதல்ல தொட்டியக் காட்டுங்கன்னுட்டேன்."